அம்மா வழிக் கழுத்து

திருவண்ணாமலையில் என் பந்தலுக்குக் கீழே தாலி கட்டிக்கொண்டவர்களை வரிசையாக நிற்க வைத்தால், அந்த வரிசை மலையை ஒரு சுற்று சுற்றிவிட்டு இன்னும் மிச்சம் இருக்கும். சும்மா சொல்லவில்லை. அஞ்சாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் பார்க்காதவன் நான். மூங்கில் தூக்கிக் கூலி வாங்கியவன். அப்புறம் சொந்தமாகப் பந்தல், ஷாமியானா, சேர், அண்டா, சீரியல் லைட் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, "கல்யாணமா, அவர்கிட்ட சொல்லிட்டியா?" என்று ஊரே கேட்கிற அளவுக்கு வந்தேன். யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இருந்தாலும் இப்போது எழுத உட்கார்ந்தது பந்தலைப் பற்றி அல்ல. என் தங்கச்சியின் கழுத்தைப் பற்றி.

வீட்டில் நாங்கள் இரண்டே பிள்ளைகள். அவளுக்குப் பேர் என்று ஒன்று இருந்தும் நான் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தையெல்லாம் தாண்டி உள்ளே போகிற ஒரு கிராமத்தில், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் வைக்கிற வீட்டில் அவளைக் கொடுத்தோம். அவள் பெண்ணுக்கே மாப்பிள்ளை பார்க்கிற காலம் வந்தபோதும் எனக்கு அவள் பாப்பாதான்.

எங்கள் அம்மா இறந்தது திருவண்ணாமலை தனி மாவட்டமான வருஷம். வேங்கிக்கால் பக்கம் புதுசு புதுசாக வீடு எழும்பி, கிரகப்பிரவேசம் என்று எனக்குத் தொழில் பிடித்துக்கொண்ட நேரம். அம்மாவுக்குக் கழுத்தில் ஒரு கட்டி இருந்தது. விழுங்கும்போது ஏறி இறங்கும். வயிறு நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் தொண்டை கம்மி, கூப்பிட்டால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. தலைச்சுமை தூக்கித் தூக்கிக் கழுத்து வீங்கியது என்றோம். உடம்புச் சூடு என்றோம். அம்மாவுடன் பிறந்த மாமா ஒருவர், கல்யாணமே கட்டிக்கொள்ளாதவர், அவரும் அதே கம்மிய குரலோடுதான் போனார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருக்கும். ஒரு நாள் நான் சொம்பைத் தூக்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரி என்னையே பார்த்தபடி நின்றாள்.

"இன்னாடி பாக்குற?"

"உங்க கழுத்துல ஏதோ ஏறி இறங்குதுங்க."

எனக்குத் தடித்த கழுத்து. அதில் செயின் போட்டால் எடுப்பாக இருக்கும் என்று எனக்கே ஒரு பெருமை உண்டு. அதனால் அவள் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. அவள் விடவில்லை. கடைசியில் வேலூருக்குப் போய், ஊசி குத்திப் பார்த்து, ஆபரேஷனும் ஆகி, கழுத்தில் குறுக்கே ஒரு கோட்டோடு உட்கார்ந்திருந்தேன். அப்போது ஒரு டாக்டரம்மா வந்து என் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டது. சின்ன வயசு, என் மகள் மாதிரி இருக்கும்.

"ஐயா, இது தைராய்டுல வர்ற புற்றுநோய். அதுலயும் இந்த வகை சில பேருக்குக் குடும்பத்துலேருந்து வரும். உங்க ரத்தத்தைப் பார்த்துட்டோம். உங்களுக்கு அப்படித்தான் வந்திருக்கு."

"நான் சிகரெட்டு குடிச்சதில்லம்மா. வெத்தலகூடக் கிடையாது."

"நீங்க எதுவும் தப்பு பண்ணலைங்க. பிறக்கும்போதே கூட வந்தது." அது விரலை நீட்டிச் சொல்லிக் கொடுத்தது. "ஒவ்வொரு ஜீனும் நமக்கு ரெண்டு ரெண்டு இருக்கு. ஒண்ணு அப்பா குடுத்தது, ஒண்ணு அம்மா குடுத்தது. உங்களுக்கு அதுல ஒண்ணு மாறியிருக்கு. நீங்க உங்க பிள்ளைக்குக் குடுக்கும்போது ரெண்டுல ஏதோ ஒண்ணுதான் போகும். நல்லதும் போகலாம், மாறினதும் போகலாம். பாதிக்குப் பாதி. ஆணா பொண்ணான்னு அது பார்க்காது."

"மாறினது போயிட்டா?"

"அப்படியே விட்டா என்னைக்காவது கட்டி வரும். முன்னாடியே தெரிஞ்சா, பரவுறதுக்குள்ள சுரப்பியை எடுத்துடலாம். மாத்திரை போட்டுக்கிட்டு நல்லா இருக்கலாம். அதனால ரத்த சொந்தம் எல்லாரையும் கூட்டிட்டு வாங்க."

எனக்கு ஒரே மகன். அவனுக்கு முதலில் பார்த்தார்கள். இல்லை என்று வந்தது. அன்றைக்கு நான் தெருவுக்கே லட்டு கொடுத்தேன்.

அடுத்தது ரத்த சொந்தம். ஆளைக் கூட்டுவது என்றால் எனக்கா சொல்லித் தர வேண்டும்? ஒரு வேன் பிடித்தேன். எங்கள் குலதெய்வத்துக்கு மொட்டை போடுகிற பங்காளிகள் அத்தனை பேரையும் ஏற்றினேன். பெரியப்பா மகன்கள், சின்னத் தாத்தா வழி, அதற்கும் மேலே மூன்று தலைமுறைக்கு முன்னால் பிரிந்துபோன ஒரு வழி, அதையும் விடவில்லை. கூடை கூடையாகப் புளிசாதம். டாக்டரம்மாவின் அறை வாசலில் எங்கள் கூட்டத்தைப் பார்த்து வாட்ச்மேனே எழுந்து நின்றான்.

அந்த அம்மா ஒரு தாளை எடுத்து ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம் என்று போட ஆரம்பித்தது.

"இவங்கள்லாம் யாருங்க?"

"ரத்த சொந்தம்மா. பங்காளிங்க. ஒருத்தர் பாக்கி இல்ல."

"உங்க அப்பாவுக்குக் கழுத்துல ஏதாவது இருந்துச்சா?"

"அவருக்கு ஒண்ணும் இல்லம்மா. எம்பது வயசு வரைக்கும் மூட்டை தூக்கினாரு. அம்மாவுக்குத்தான் கட்டி இருந்துச்சு. மாமாவுக்கும் தொண்டை கம்மிப் போச்சு."

பேனா நின்றது. "அப்ப அம்மா பக்கம் யாரும் வரலையா?"

"அவங்க பங்காளி இல்லியேம்மா."

"சரி. உங்ககூடப் பிறந்தவங்க?"

"ஒரு தங்கச்சி. கட்டிக் குடுத்துட்டோம்."

"கட்டிக் குடுத்துட்டா?"

"வேற வீடும்மா. வேற குலதெய்வம். அவ அவங்க வீட்டு ஆளாயிட்டா."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தது. சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "ஐயா, குலதெய்வம் மாறும். ரத்தம் மாறாது. உங்க அம்மா வயித்துல பிறந்த இன்னொரு ஆள் இந்த உலகத்துல அவங்க ஒருத்தர்தான். அவங்களை விட்டுட்டு ஒரு வேன் நிறையக் கூட்டிட்டு வந்திருக்கீங்க."

வெளியே வந்து பங்காளிகளிடம் யாருக்கும் ஊசி இல்லை என்றேன். ஒரு பெரியவர் தோளைத் தட்டினார். "இன்னாப்பா இது, விடிய முன்னே எழுப்பிக் கூட்டியாந்துட்டு ஒண்ணுமில்லன்ற. கோட்டையாவது காட்டு." கோட்டையைச் சுற்றிக் காட்டினேன். அகழி ஓரமாக உட்கார்ந்து எல்லோரும் புளிசாதம் சாப்பிட்டார்கள். எனக்கு மட்டும் இறங்கவில்லை. லட்டு கொடுத்த அன்றைக்குக்கூட பாப்பாவை நினைக்கவில்லையே என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாளே அவள் ஊருக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துக் கழுத்தோடு சுற்றிக்கொண்டாள். அதைச் செய்யாமல் இருந்திருந்தால் நான் கவனித்திருக்கவே மாட்டேன்.

"பாப்பா, கழுத்தக் காட்டு."

"இன்னாண்ணா, வந்ததும் வராததுமா. காபி குடி."

"காட்டுன்றேன்ல."

காட்டினாள். அம்மாவுக்கு இருந்த அதே இடம். சின்னதுதான், சுண்டைக்காய் அளவு. நான் எல்லாம் சொன்னேன். அம்மா, மாமா, நான், டாக்டரம்மா, வட்டம், கட்டம், பாதிக்குப் பாதி. அவள் உரிப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

"ஊர்ல எல்லா அண்ணனும் பொடவை, வெல்லம்னு சீரு கொண்டாருவான். நீ வியாதி கொண்டாந்துக்கிற."

"நான் கொண்டாரல பாப்பா. அம்மா குடுத்தது."

உரித்த தோலை ஒதுக்கித் தள்ளிவிட்டு, "இப்ப முடியாதுண்ணா" என்றாள். "பொண்ணுக்கு இடம் கூடி வந்துக்குது. வாத்தியார் வீடு, பையன் நல்ல பையன். பரம்பரை நோவுன்னு காதுல விழுந்தா எவன் பொண்ணு எடுப்பான்? கல்யாணம் முடியட்டும். அப்புறம் கழுத்த இன்னா, தலையவே அறுத்துக்கட்டும்."

"டாக்டரு தள்ளிப் போடக் கூடாதுன்னு சொல்றாங்க."

"அந்த டாக்டருக்குக் கட்டிக் குடுக்கப் பொண்ணு இருக்குதா?"

கல்யாண வியாபாரத்தில் இருக்கிறவன் நான். எனக்குத் தெரியாதா? பெண்ணின் கல்யாணம் அம்மாக்காரிக்கு என்றைக்கும் முடியாது. தாலி ஏறினால் ஆடி வரும், பெண்ணை அழைத்து வர வேண்டும். பிறகு தலைதீபாவளி. பிறகு வளைகாப்பு, பிரசவம். அப்படியே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போய், அம்மா மாதிரி ஒரு நாள் குரல் இல்லாமல் படுத்துவிடுவாள். பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. அவள் பயப்படுவதும் பொய் இல்லை. நானே எத்தனையோ கல்யாணம் ஒரு சொல்லில் நின்றுபோய், கட்டிய பந்தலைப் பிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

முகூர்த்தம் குறிக்க இரண்டு வீட்டாரும் பாப்பா வீட்டில் கூடினார்கள். ரிட்டயர்டு வாத்தியாரான பையனுடைய அப்பா பஞ்சாங்கத்தோடு வந்திருந்தார். வைகாசி கடைசி முகூர்த்தம் என்று முன்னாலேயே போனில் பேசிவைத்திருந்ததைச் சபையில் படித்தார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

"இருங்க. கூப்பிட்டு வெச்சு நாள் குறிக்கிறீங்களா, குறிச்சு வெச்சிட்டுக் கூப்பிடுறீங்களா?"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். "தப்பா எடுத்துக்காதீங்க. நல்ல நாளா இருந்துச்சு..."

"அன்னைக்கு எனக்கு மூணு பந்தல் இருக்குது. நான் இல்லாம என் மருமவளுக்குத் தாலி ஏறிடுமா?"

பாப்பாவின் வீட்டுக்காரர் அதிர்ந்து பேசாத மனுஷன். பாவம், சமாதானம் செய்ய வந்தார். "மச்சான், நீங்க பந்தல் போட வேணாம். வெறும் மாமனா வந்து மாலை எடுத்துக் குடுத்தா போதும்."

"வெறும் மாமனா?" அவர் வாயால் அது வந்தது என் அதிர்ஷ்டம். பிடித்துக்கொண்டேன். "கேட்டுக்குங்க எல்லாரும். நான் வெறும் மாமனாம். வைகாசியிலயோ ஆனியிலயோ வெச்சா இந்த மாமன் வாசப்படி மிதிக்க மாட்டான். எழுதி வெச்சிக்குங்க."

எங்கள் பக்கத்தில் கல்யாணத்தை இரண்டு காரணத்துக்குத்தான் கௌரவமாகத் தள்ளி வைக்க முடியும். ஒன்று சாவு. இன்னொன்று தாய்மாமன் கோபம். நோய் என்றால் காரணத்தைத் தோண்டுவார்கள், மாமன் கோபித்துக்கொண்டான் என்றால் யாரும் தோண்ட மாட்டார்கள், அது எல்லா வீட்டிலும் இருக்கிற கூத்து. அதிலும் என் விஷயத்தில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. வாத்தியார் பக்கத்திலிருந்த ஒருவரிடம், "கேள்விப்பட்டிருக்கேன், ஆளு இப்படித்தானாம். ரெண்டு காசு சேர்ந்ததும் தரையில கால் பாவாதாம்" என்றது எனக்கே கேட்டது. இத்தனை வருஷம் நான் பேசிய பேச்செல்லாம் அன்றைக்குத்தான் உருப்படியாக உதவியது.

"மாமன் மனசு கோணி நடக்கக் கூடாது. ஆடி கழியட்டும். ஆவணியில வெச்சுக்கலாம்" என்று முடித்துவிட்டு அவர்கள் கிளம்பினார்கள்.

பாப்பா என்னைக் கொல்லைப்புறம் இழுத்துக்கொண்டு போனாள். வைக்கோல் போர் மறைவில் நிறுத்தி, முதல் கேள்வியே, "குடிச்சிட்டு வந்தியா?"

"இல்ல."

"பின்ன ஏன்யா எம் பொண்ணு வாழ்க்கையில மண்ண வாரிப் போட்ட? உன் பவுசு உனக்குப் பெருசாப் போச்சா? நாள தள்ளி வெச்சா சகுனம்னு எவனாவது பேச மாட்டானா?" சின்ன வயசில் அடிப்பது போலவே இரண்டு கையாலும் என் மார்பில் குத்தினாள்.

"குத்திக்க. நல்லா சத்தமா அழு, எல்லாருக்கும் கேக்கட்டும். நாளைக்கு நீ பொட்டி எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்கு வா."

"எதுக்கு?"

"கோச்சிக்கினு போன அண்ணன சமாதானப்படுத்த. ஒரு மாசம் ஆவும், ரெண்டு மாசம் ஆவும், எனக்கு மனசு எறங்காது. எவன் கேட்டாலும் அண்ணன் வீட்டுல இருக்கான்னு சொல்லுவான். வேலூருக்குன்னு எவன் சொல்லுவான்?"

குத்திய கை அப்படியே என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது. வைக்கோல் போரில் சாய்ந்து அவள் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கொஞ்ச நேரம் எனக்குத் தெரியவில்லை.

"எனக்காவ திட்டு வாங்கிக்கினியேண்ணா" என்றாள்.

"எவன் திட்டினா எனக்கு இன்னா? நான் யாரு?"

"ஐய, ஆரம்பிச்சிட்டான்" என்று மூக்கைச் சிந்தினாள்.

வந்தாள். வேலூரில் ரத்தம் எடுத்தார்கள், கழுத்துக்கு ஸ்கேன் பார்த்தார்கள். இருக்கிறது என்றார்கள். ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். இந்த நாளுக்கு நான் கோபித்துக்கொள்ளவில்லை.

நடுவில் ஒரு நாள் கடையில் சேர்களை எண்ணி ஏற்றிக்கொண்டிருந்தபோது கல்யாணப் பையன் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். நான் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டேன்.

"மாமா, கோவம் தீந்துச்சா?"

"தீராது. உங்கப்பாகிட்ட போய்ச் சொல்லு."

"தீர வேணாம் மாமா. அத்தைக்கு ஆபரேஷன் முடியிற வரைக்கும் தீர வேணாம்."

எண்ணிக்கொண்டிருந்த சேர் கணக்கு எனக்கு விட்டுப்போனது. பாப்பாவின் பெண் ரமணாசிரமம் பக்கத்து டெலிபோன் பூத்திலிருந்து அவனுக்குப் போன் போட்டு, எல்லாவற்றையும் முன்னாலேயே சொல்லியிருக்கிறாள். தனக்கும் இருக்கலாம் என்பது உட்பட. நாங்கள் பெரியவர்கள் இத்தனை நாடகம் ஆடி மறைத்தது அவன் ஒருவனிடம் பலிக்கவில்லை.

"இருந்தா இன்னா பண்ணுவேன்னு கேட்டா மாமா."

"நீ இன்னாப்பா சொன்ன?"

"எங்கம்மாவுக்கு சுகர், எங்கப்பாவுக்குப் பிரஷர். நான் மட்டும் அதச் சொல்லிட்டா பொண்ணு பாக்க வந்தேன்? அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். இப்ப உங்க மேல கோவமா இருக்காரு. ரெண்டையும் ஒரே நேரத்துல தாங்க மாட்டாரு."

அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். அவன் போன பிறகு குடோனுக்குள் போய் ஷாமியானாத் துணி மூட்டைகளுக்கு நடுவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். கடைப் பசங்களிடம் தூசி என்று சொன்னேன்.

ஆபரேஷன் அன்றைக்கு என்னை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, பார்த்துத்தான் செய்வோம், ஆனாலும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறோம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தது. உயிர் போகுமோ என்ற பயத்துக்கு ஈடாக எனக்கு அந்தப் பயமும் இருந்தது. அம்மாவின் கடைசி நாட்களில் அவள் உதடு மட்டும் அசைவதைப் பார்த்தவன் நான். பாப்பாவின் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "மச்சான், அன்னைக்கு வெறும் மாமன்னு சொல்லிட்டேன்" என்று ஆரம்பித்தார். "அது இல்லன்னா ஏது இது?" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கட்டியையும் பக்கத்தில் ஒன்றிரண்டு நெறிக்கட்டுகளையும் எடுத்துவிட்டோம், அதற்கு மேல் போகவில்லை என்று சொன்னார்கள். உள்ளே போனபோது கழுத்தைச் சுற்றிக் கட்டோடு படுத்திருந்தாள். நர்ஸ் குனிந்து, "ஏதாவது பேசுங்கம்மா" என்றது. பாப்பா கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அண்ணன் சாப்டுச்சா?" என்றாள். கரகரவென்று, ஆனால் நன்றாகக் கேட்டது.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. வாத்தியாருக்குப் பையன் விஷயத்தைச் சொல்லிவிட்டான். இரண்டு நாள் அவர் யாரிடமும் பேசவில்லையாம். மூன்றாம் நாள் என் கடைக்கு வந்து, "நடிக்கிறவரு கொஞ்சம் கம்மியா நடிச்சிருக்கலாம். எனக்குப் பிரஷர் ஏறிடுச்சு" என்றார். மண்டபமே இருக்க, வாசலில் தெரு அடைத்து ஒரு பந்தல் போட்டேன். திருவண்ணாமலையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு பந்தல் கிடையாது. பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கல்யாணத்துக்குப் பிறகு பெண்ணும் அவனும் சேர்ந்தே வேலூருக்குப் போனார்கள். அவளுக்கும் இருந்தது. கட்டி வருவதற்கு முன்னாலேயே சுரப்பியை எடுத்துவிட்டார்கள். தாலிச் சரட்டுக்குக் கீழே அந்தக் கோடு ஒளிந்துகொள்ளும், தேடினால்தான் தெரியும்.

இப்போது எங்கள் மூன்று பேருக்கும் காலையில் ஒரே மாத்திரை. வெறும் வயிற்றில் போட வேண்டும், போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காபி கூடாது. காபி இல்லாமல் காத்திருக்கிற அந்த நேரத்தில் பாப்பாவிடமிருந்து போன் வரும்.

"போட்டியா?"

"போட்டேன். நீ?"

"போட்டுட்டேன். அவளும் போட்டுட்டாளாம்."

பிறகு மல்லாட்டை விலை, மழை, மருமகன் அவள் பெண்ணை அதட்டியது, அவள் திருப்பி அதட்டியது என்று போகும். காபி வந்ததும் வைத்துவிடுவோம்.

போன ஐப்பசியில் ஒரு நாள் போன் வரவில்லை. நான் போட்டேன், அந்தப் பக்கம் மணியே அடிக்கவில்லை. வீட்டுக்காரி காபியை நீட்டினாள். வாங்காமல், சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் ஸ்கூட்டரை எடுத்துவிட்டேன். செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் நடக்கிற கூட்டத்தில் ஹாரனை அடித்துக்கொண்டே போனேன். போய்ச் சேர்ந்தால், வாசலில் தேங்கிய மழைத் தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருக்கிறாள்.

"இன்னாண்ணா, இவ்ளோ காலையில?"

"போன் வரலியே."

"ராத்திரி மழையில லைன் செத்துப்போச்சு." துடைப்பத்தைச் சாத்திவிட்டு என் பொத்தானைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "மாத்திரை போட்டியா?"

"போட்டேன்."

"நேரம் ஆயிடுச்சு. வா, காபி குடிக்கலாம்" என்று உள்ளே போனாள்.